நாமும் நாங்களும்

கோமதி முதன்முதலாகக் கடல்மேடைக்குப் போன அன்று அவளை வரவேற்க நின்ற எல்லோரும் ஒரே மாதிரி உடுத்தியிருந்தார்கள். ஆண்களுக்கு நீலத்தில் வெள்ளைக் கரை வைத்த சட்டை, பெண்களுக்கு அதே துணியில் மேலாக்கு. துணியில் கஞ்சி மொடமொடப்புகூடப் போகவில்லை. ஒரு பெண்ணின் தோளில் குண்டூசி ஒன்றைக் கழற்ற மறந்திருந்தார்கள். மானிடவியல்காரியாகப் பல ஊர் ஏறி இறங்கிய கோமதிக்கு, அந்த உடை பிறந்து சில நாள்தான் ஆகிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

பிறகு கும்மி மாதிரி ஒன்றை அடித்தார்கள். கொடி ஏற்றினார்கள். கடற்காற்று கொடியைக் கம்பத்தோடு சேர்த்துச் சுற்றிவிட, ஒருவர் ஏறி அவிழ்த்துவிட்டு வந்தார். எல்லாம் முடிந்ததும் அத்தனை பேரும் கோமதியின் முகத்தையே பார்த்தார்கள், பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்ப்பதுபோல.

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக் கரையிலிருந்து படகில் போய்ச் சேரும் தூரத்தில், இரும்புக் கால்களின் மேல் நின்றன அந்த மேடைகள். கடலுக்குள் காற்றாலை நட்ட ஒரு நிறுவனம், பழுதுபார்க்கும் ஆட்கள் தங்குவதற்காகக் கட்டியது. ஒடிசாவிலிருந்து வெல்டர்கள், ராமநாதபுரத்திலிருந்து முக்குளிப்பவர்கள், மண்டபம் அகதி முகாமிலிருந்து சில குடும்பங்கள், நிக்கோபாரிலிருந்து சிலர் என்று வந்து சேர்ந்தார்கள். நிறுவனம் திவாலானது. ஆட்கள் போகவில்லை. காற்றாலைகளைத் தாங்களே ஓட்டி, மின்சாரத்தைக் கரைக்கு விற்று, ஒருவருக்குள் ஒருவர் கல்யாணம் செய்து, பெற்று, வளர்த்து, மூன்று தலைமுறை ஓடிவிட்டது. இப்போது இரும்பு இற்றுப்போய்விட்டது. மேடைகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

காலி செய்துவிட்டு எங்கே போவது என்பதுதான் சிக்கல். கடல் ஏறிவந்து ஊர் ஊராக விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. நிலம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்க நிலம் இல்லை. நாங்கள் தனி மக்கள் என்று நிரூபித்தவர்களுக்கு ஒரே இடத்தில் நிலமும், தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் உரிமையும் கொடுத்தார்கள். நிரூபிக்க முடியாதவர்களின் ரத்தத்தைச் சோதித்து, யார் மூதாதை எங்கிருந்து வந்தாரோ அங்கே அவரவரைப் பிரித்து அனுப்பினார்கள். யார் தனி மக்கள், யார் இல்லை என்று நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டு ஓய்ந்தபின், அந்த வேலையை ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதற்கு இனமானி என்று பெயர். புளியங்கொட்டை அளவில் ஒன்றை ஒவ்வொருவர் கழுத்திலும் கட்டிவிடுவார்கள். ஒரு மாதம் பேச்சைக் கேட்டுவிட்டு, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் சொல்லும். அறுபது வந்தால் நிலம்.

மேடைக்கு முப்பத்தொன்று வந்திருந்தது. எண் சரிதானா என்று நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கத்தான் கோமதியை அனுப்பியிருந்தார்கள்.

"எதுல கொறஞ்சு போனோம் டாக்டரம்மா?" என்று கேட்டார் பிரான்சிஸ் நாயக். மேடையின் தலைவர் அவர். ஐம்பத்தெட்டு வயது. வெல்டிங் பொறி பட்டுப் பட்டு முன்னங்கையெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி. மேடை முழுவதற்கும் பொதுவான பெரிய அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய ஒரே மகள் மினதி மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த டிரெஸ்ஸை எப்ப தச்சீங்க அண்ணாச்சி?"

நாயக் மகளைப் பார்த்தார். மினதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன வாரம். துணி தஸ்நேவிஸ் படகுலதான் வந்துச்சு. கும்மியும் அவன் அக்கா சொல்லிக் குடுத்ததுதான்."

தஸ்நேவிஸ் என்பவன் எதிரே சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கரையில் முயல்துறை என்ற மீனவர் ஊர்க்காரன். தண்ணீரும் காய்கறியும் மேடைக்கு ஏற்றி வருகிறவன். தை பிறந்தால் அவனுக்கும் மினதிக்கும் கல்யாணம். "நல்லாத்தானே ஆடுனாவ?" என்றான்.

"நல்லா ஆடினாங்க. ஆனா கருவி ஆட்டத்தைப் பார்க்காது."

"பின்ன எதைப் பாக்கும்?" என்றார் நாயக்.

அளக்க வருகிறவர்கள் அளவின் சூட்சுமத்தைச் சொல்லக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். கோமதி சொன்னதற்குக் காரணம் இருந்தது. அன்று காலை படகில் வரும்போது, பிரித்து அனுப்பும் திட்டத்தைப் பார்த்திருந்தாள். நாயக்கை அவர் கண்ணால் பார்த்திராத ஒடிசாவின் கேந்திரபாடாவுக்கு அனுப்புவார்கள். மினதியின் ரத்தத்தில் அம்மா வழி தூக்கலாக இருந்ததால் அவளை மண்டபம் முகாமுக்கு.

"நான் ஏணி ஏறினதிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி. 'நம்ம அடுப்படிக்கு வாங்க', 'இது நம்ம தண்ணித்தொட்டி', 'நம்ம புள்ளைங்க'. எல்லாம் என்னைப் பார்த்து. நான் வந்து ஒரு பொழுதுகூட ஆகல."

"வேற எப்படிச் சொல்ல?"

"'எங்க அடுப்படி'ன்னு சொல்லலாம். 'நாம'ன்னா கேக்கற ஆளும் உள்ள. 'நாங்க'ன்னா கேக்கற ஆளு வெளிய. கருவி முக்கியமா அதைத்தான் கேக்குது. ஒரு கூட்டத்துக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கு அக்கறை இல்ல. வேலி எங்க இருக்குன்னு பார்க்குது. யார் கையால சாப்பிட மாட்டீங்க, யாருக்குப் பொண்ணு குடுக்க மாட்டீங்க, யாரைக் கிண்டல் பண்ணுவீங்க, யாரை வாசலோட நிறுத்திப் பேசி அனுப்புவீங்க."

"நமக்கு வாசலே கிடையாதேம்மா."

"தெரியுது. அதான் முப்பத்தொண்ணு."

மினதி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "மத்தவங்களைத் தள்ளி வைக்கிறதுக்குப் பேருதான் இனமா?"

"நான் அப்படிச் சொல்லல. ஆனா நாங்க படிச்ச படிப்பும் சுத்தி வளைச்சு அதுக்குப் பக்கத்துலதான் போய் நிக்குது. பாஷை மாறும், சாமி மாறும், சாப்பாடு மாறும். பத்துத் தலைமுறையில ஒண்ணுகூட மிஞ்சாம மாறியிருக்கும். கோடு மட்டும் அங்கயே நிக்கும். கோடு நின்னா கூட்டம் நிக்கும்."

தஸ்நேவிஸ் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "அப்ப நம்ம ஒரு கோடு போட வேண்டியதுதானே?" என்றான். அவன் சொன்ன அந்த 'நம்ம'வுக்குள் தானும் அடக்கம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அதில் யாருக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

மறு அளவுக்கு அவகாசம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள் கோமதி.

அடுத்த தடவை அவள் போனபோது கீழ்த்தளத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கரையிலிருந்து வருகிறவர்கள் அதற்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். கரையில் சமைத்த எதையும் மேடையில் யாரும் தொடுவதில்லை. ஒருவரையொருவர் பார்த்தால் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். கரைக்காரர்களுக்கு அப்படிச் செய்யக்கூடாது. இதெல்லாம் சபை கூடிப் போட்ட ஏற்பாடுகள். மேடையில் இருந்தவர்களுக்கு இனி மேடையர் என்று பெயர்.

பார்க்க நாடகம் போலத்தான் இருந்தது. பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்துவிட்டுக் கெக்கலித்துச் சிரித்தார்கள். காய்கறி கொண்டுவந்த கிழவியிடம் ஒருத்தி, "அந்தப் பக்கம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "கோவிச்சுக்காதீய, சும்மாதான்" என்றாள். கிழவியும் சும்மாதான் நின்றாள்.

கோமதி ஒரு வெள்ளோட்டம் பார்த்தாள். நாற்பத்திரண்டு.

"இவ்வளவு செஞ்சுமா?" என்றார் நாயக்.

"நடிக்கிறது குரல்ல தெரிஞ்சிரும் அண்ணாச்சி. சொல்லை மட்டும் எடுத்துக்கிட்டா அறுபதைத் தாண்டியிருப்பீங்க. அந்தச் சொல்லைச் சொல்லும்போது மனசு எங்க நிக்குதுங்கறதையும் அது கேக்குது."

"யாரு குரல்ல ரொம்பத் தெரியுது?"

கோமதி சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழே தஸ்நேவிஸின் படகுச் சத்தம் கேட்டது. நாயக் பழக்கதோஷத்தில் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்து, "ஏ தஸ்நேவிசு, ஏறி வா மக்கா, கஞ்சி ஆறுது" என்று கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் மினதி கோமதியைத் தேடி வந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. கடலுக்கடியில் கம்பிவடம் பார்க்கும் வேலை. தண்ணீருக்குள் பேச முடியாத வேலைக்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கனம் அவள் பேச்சில் இருந்தது.

"என் கல்யாணம் எவ்வளவு கொறைக்கும்?"

"உன் கல்யாணத்தை அப்படிக் கணக்கு பார்க்க முடியாதும்மா."

"கருவி பாக்குதுல்லா?"

மினதி கீழ்த்தளத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

"தலைவர் மகளே கரையில கட்டிக்கிட்டா, அந்தக் கயிறை யாரு நெசம்னு நம்புவா? நானூறு பேரு நாலு தெசைக்குப் போவாவ. எங்கப்பாவுக்கு ஒரியால வையத்தான் தெரியும். தண்ணி குடுன்னு கேக்கத் தெரியாது. அவரை அங்க கொண்டுபோய் விட்டா என்ன ஆவாரு?"

"இதை நீ செய்யணும்னு நான் சொல்லவே இல்ல, மினதி."

"நீங்க சொல்லல. புரியும்படியா விளக்குனீங்க" என்றாள் மினதி. அதில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. நன்றி சொல்வது போலத்தான் இருந்தது.

அவள் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். கோமதி படிக்கட்டின் திருப்பத்தில் நின்றாள். போகவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தஸ்நேவிஸ் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான்.

"கல்யாணம் வேண்டாம். உங்க அக்காட்ட சொல்லிருங்க" என்றாள் மினதி.

அவன் சிரித்தான். "என்ன, என்னைப் போய் 'ங்க' போடுத?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"சரி, புரியுது. கருவிக்காகத்தானே? நான் எங்கயும் ஓடிற மாட்டேன். நெலம் கெடைச்சப்புறம் பாத்துக்கலாம்."

"கருவிக்குச் சும்மா சொல்றது தெரியும். அதனால நான் சும்மா சொல்லல. எங்க ஆளுக கரையில கட்டுறதில்ல. தண்ணிக்கு இனி வேற படகு வரும். நீங்க எங்க பக்கம் வராதீய."

தஸ்நேவிஸ் கையில் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மேடையில் முதன்முதலாகத் தண்ணீரைச் சிந்த விட்டவன் அவனாகத்தான் இருக்கும். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மினதி திரும்பிப் படியேறத் தொடங்கியிருந்தாள். கோமதியைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தில் அழுகை இல்லை. கம்பிவடத்தின் முடிச்சை இறுக்கிவிட்டு மேலே வருகிறவளின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

தஸ்நேவிஸ் வராமல் போன பிறகு கயிற்றைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. முயல்துறையில் அவனுக்காகக் கொதித்தார்கள். காய்கறிப் படகை நிறுத்தினார்கள். மேடையில் பத்துப் பதினைந்து நாள் வெறும் மீனும் சோறுமாக ஓடியது. பிள்ளைகளுக்கு வாய்ப்புண் வந்தது. கரைக்காரர்கள் செய்த வேலையைப் பார் என்று தாய்மார்கள் பேசினார்கள். அந்தக் குரலில் நடிப்பு இல்லை.

இறுதி அளவில் அறுபத்து நான்கு வந்தது.

மேடை முழுக்கக் கத்திக் கூத்தாடியது. இரும்புக் குழாய்களைத் தட்டினார்கள். நாயக் மட்டும் அடுப்படியில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கோமதி அவரிடம் போய், "பிரிய வேண்டியதில்லை அண்ணாச்சி. எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்றாள். "ஆமாம்மா" என்றார். "ஒண்ணாத்தான் இருப்போம்." பிறகு அவளுக்கு ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி நீட்டினார். அங்கே நின்ற ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏழு வருடம் கழிந்தது.

இதற்குள் இனமானி அந்தக் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. நிலம் வாங்கிய மக்கள் ஒவ்வொருவரும் தங்கள் எல்லையில் ஒரு சாவடி போட்டுக்கொண்டார்கள். சாலையில் போகிறவர்கள் தாங்கள் எந்த மக்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது.

கோமதி இந்தமுறை வந்தது முயல்துறையை அளக்க. மீனவர்களும் தங்களைத் தனி மக்களாக அறிவிக்கக் கேட்டிருந்தார்கள். போகிற வழியில்தான் மேடையர் குடியிருப்பு இருந்தது. வண்டியை நிறுத்தினாள்.

மினதி இப்போது மேடையர் சபைத் தலைவி. கோமதியை வெளிக்கூடத்தில் உட்காரவைத்துப் பேசினாள். காகிதக் கோப்பையில் தேநீர் வந்தது. உள்ளே இருப்பவர்கள் எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு நீலச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். எல்லாச் சட்டையிலும் வெள்ளைக் கரை.

"அழகா இருக்கு" என்றாள் கோமதி.

"எங்க பாட்டிமாரு கடலுக்கு வரும்போது கொண்டுவந்த துணி. நீலம் தண்ணி, வெள்ளை நுரை. புள்ளைங்களுக்குப் பாடத்துல வச்சிருக்கோம்."

"தஸ்நேவிஸ் படகுல வந்துச்சுன்னு நீதானே சொன்ன? முதல்நாள் அடுப்படியில?"

மினதி யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அப்படியா சொன்னேன்? நெனவு இல்லையே" என்றாள். கோமதிக்குக் குரல்களைக் கேட்டுப் பழக்கம். அதில் பொய் இல்லை.

"அப்பா நல்லா இருக்காரா?"

"அவரு இப்ப எங்க ஆளு இல்ல."

கோமதி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாலு வருசத்துக்கு ஒருதரம் மறு அளவு உண்டுல்லா. அறுபதுக்குக் கீழ போனா நெலத்தைத் திருப்பிக் கேப்பாவ. போன அளவுக்கு முந்தின வெள்ளோட்டத்துல அம்பத்தொம்பது வந்துச்சு. யாரால இறங்குதுன்னு பாத்தோம். சாவடியில கரைக்காரங்களுக்குத் தண்ணி குடுப்பாரு, உள்ள கூட்டிட்டு வந்து உக்கார வச்சுப் பேசுவாரு. எத்தனை தரம் சொல்லியும் கேக்கல. அவரே கெளம்பிட்டாரு. யாரும் போகச் சொல்லல."

"போக வேண்டாம்னு யாராவது சொன்னீங்களா?"

வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றது. மினதி எழுந்தாள். "நான் போய்ப் பாக்கணும்" என்று சொல்லி, வலது கையை நெஞ்சுவரை கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தி, கும்பிட்டுவிட்டுப் போனாள்.

முயல்துறையில் தஸ்நேவிஸ் வீட்டு முற்றத்தில் நாயக் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நரைத்து, இளைத்து, காது சற்று மந்தமாகியிருந்தார். கோமதியைப் பார்த்ததும், "வாங்க டாக்டரம்மா, நம்ம வீடுதான், வாங்க" என்றார்.

தஸ்நேவிஸ் மீனவர் சங்கத் தலைவனாகியிருந்தான். அவன் மனைவி ஜெனோவா உள்ளூர்க்காரி. பெரியவர் வீட்டை விட்டு வந்து மாதா கோயில் வாசலில் படுத்துக் கிடந்தார் என்றும், தஸ்நேவிஸ் போய்க் கூட்டி வந்தான் என்றும், அன்றிலிருந்து மாமா என்று வீட்டோடு வைத்திருக்கிறார்கள் என்றும் அவள்தான் சொன்னாள். சோறு போட்டாள். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"நீங்க எதுக்கு இதுக்குள்ள வந்தீங்க தஸ்நேவிஸ்?" என்று கேட்டாள் கோமதி. "முயல்துறை எப்பவும் இருக்கற ஊருதானே? யாரும் உங்களைப் போகச் சொல்லலையே."

"நாங்க யாருன்னு எங்களுக்கே முன்ன தெரியாதும்மா. ஏழு வருசமா அவுக சாவடிக்கு வெளியே நிப்பாட்டுனாவ. வெயில்ல நின்னவுக எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அப்பதான் தெரிஞ்சுது." சோற்றைப் பிசைந்தபடி தொடர்ந்தான். "இப்ப அவுக முன்னால கெடக்கற கடலையும் வேலி போடக் கேக்குறாவ. மக்கள்னு எண் இருக்கறவனுக்குத்தான் பேச்சு. எண் இல்லாதவன் பேசுனா சத்தம். வெள்ளோட்டத்துல என்ன வந்துச்சு?"

"அம்பத்தெட்டு."

"இன்னும் ரெண்டுதானா?" அவன் முகம் மலர்ந்தது. "எது இறக்குதுன்னு சொல்லுங்கம்மா. சரி பண்ணிருவோம்."

கோமதிக்கு அது நன்றாகத் தெரியும். காலையில் புறப்படும்போதே வெள்ளோட்டக் கணக்கைப் பார்த்துவிட்டாள். ஊரில் ஒரே ஒரு வீட்டைச் சுற்றித்தான் கோடு அழிந்து அழிந்து தெரிந்தது.

"தெரியலை. கருவியில கொஞ்சம் முன்ன பின்ன வரத்தான் செய்யும்" என்றாள்.

"டாக்டரம்மாவுக்குத் தெரியும்" என்றார் நாயக். இறால் தலையை ஒதுக்கி வைத்தார். "எனக்கும் தெரியும். அங்கயும் நான்தான். இங்கயும் நான்தான். யாரைப் பாத்தாலும் நம்மன்னு வாயில வந்துருது. இனி மாத்த முடியாது."

"சாப்பிடும்போது என்ன பேச்சு மாமா இது?" என்று ஜெனோவா சட்டியோடு எழுந்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"நீங்க எங்கயும் போகக்கூடாது மாமா. இருங்க" என்றான் தஸ்நேவிஸ்.

ஆனால் அவன் அதைச் சொல்வதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தது. பெரிய இடைவெளி இல்லை. மூச்சு ஒன்று வந்து போகிற நேரம்தான். கோமதி இடைவெளிகளைக் கேட்டே வயிறு வளர்த்தவள். அவளுக்குக் கேட்டது. அரைக் காது மட்டும் கேட்கும் நாயக்குக்கும் அது கேட்டுவிட்டது. தஸ்நேவிஸுக்கே கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு அதற்கப்புறம் ஒரு கவளம்கூட எடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவியதும் நாயக் கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டரம்மா திருநெல்வேலிக்குத்தானே போறீய? நானும் வாரேன். ஒரு மாசம் ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாரேன்" என்றார், ஏற்கெனவே பேசிவைத்திருந்த பயணம்போல.

"எங்க தங்குவீய?" என்றாள் ஜெனோவா.

"எங்க வீட்டுல" என்றாள் கோமதி. "நானும் ஒரு பூனையும்தான். இடம் கிடக்கு."

தஸ்நேவிஸ் வண்டிவரை வந்தான். கதவைத் திறந்துவிட்டான். நாயக்கின் காலைத் தூக்கி உள்ளே வைத்தான். ஒரு மாதம் என்று அவர் சொன்னதை அவன் திருத்தவில்லை. சின்னப் பிள்ளைபோல அவருடைய சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டான். பிறகு கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

கோமதி முயல்துறைக்கு என்ன அறிக்கை எழுதுவது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினாள். எழுதாவிட்டாலும் அடுத்த மாத அளவில் அறுபது வந்துவிடும். அவள் வண்டியில்தான் அந்தக் குறைந்த இரண்டு எண்ணும் உட்கார்ந்து ஜன்னல் வழியே பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தன.

திருநெல்வேலிச் சாலையில் கடைசிச் சாவடியில் ஒரு இளம்பெண் பணியில் இருந்தாள். கோமதியின் அட்டையைப் பார்த்துவிட்டு, குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நீங்க எந்த மக்கள் தாத்தா?"

"மேடை" என்றார் நாயக்.

அவள் திரையில் தேடினாள். "மேடையர்ல உங்க முகம் வரலையே."

"மேடையர் இல்லம்மா. அவுகளுக்கு முந்தி இருந்தவுக."

"முந்தின்னு இதுல ஒண்ணும் இல்லையே, தாத்தா."

"முயல்துறையிலயும் கொஞ்சநாள் இருந்தேன்."

"அது இன்னும் வரல. அடுத்த மாசம் வரும்னாங்க." அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பின்னால் ஒரு மீன் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. எதையோ தொட்டாள், கம்பத்தைத் தூக்கினாள், போங்க என்று கையைக் காட்டினாள்.

கொஞ்ச தூரம் போனபின், "என்னன்னு போட்டா?" என்று கேட்டார் நாயக்.

கோமதி திரையை ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள். "இதரர்."

"அப்படின்னா?"

"எதுலயும் சேராதவங்க."

நாயக் அந்த வார்த்தையை மெதுவாக ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"நெறைய பேரு இருப்பாவளோ?"

"தெரியல அண்ணாச்சி" என்றாள் கோமதி. இந்தமுறை உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. "அவங்களை இன்னும் யாரும் அளக்கல."

"அளந்துராதீய" என்றார் அவர்.